மேல் செட் பாஸ், கீழ் செட் அரியர்

கல்யாணச் சமையலில் 38 வருஷம் ஓடிவிட்டது. வீடு ஆடுதுறையில். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை நான் அடுப்பு மூட்டாத மண்டபத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். வயது 63. வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. மேலும் கீழும் முழு பல்செட் கட்டி நாலு மாதம் ஆகிறது.

கட்டுவதற்கு முன்னால் விசாரித்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஒரே வாரத்துல பழகிடும் மாஸ்டர்" என்றார் காய்கறி மண்டிக்காரர். "நான் கட்டினது பீரோவுல தூங்குது மச்சான்" என்றார் அக்கா வீட்டுக்காரர். இப்போது பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மேல் செட்டுக்கு மண்டிக்காரர் கணக்கு, கீழ் செட்டுக்கு அத்தான் கணக்கு.

கிளினிக் கும்பகோணத்தில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. நல்லதோடு சேர்த்துக் குறையும் சொல்லப்போகிறேன், அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாது. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

பல் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்கிறவனுக்கு வெற்றிலை சீவல்தான் துணை. அதோடு 20 வருஷமாகச் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து ஈறுகளை அரித்துவிட்டன. கீழ்க் கடைவாய்ப் பற்கள் 45 வயதிலேயே ஆட்டம் கண்டு விழுந்தன. 2014 வாக்கில் முன்பல் ஒன்று போனபோது, "ஒரே நாள்ல கட்டித் தரேன்" என்று ஒருவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார். 600 ரூபாய். அந்த இடுக்கில் சாப்பாடு போய் அடைந்து, ஒன்று போன இடத்தில் மூன்று போனது. ஒட்டிய பல்லுக்கு அடியில் பிரஷ் போக வழியில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசிப் பல்லை 2025 ஆனியில் எடுத்தார்கள். எங்கள் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே வருஷம்தான். வெற்றிலைக்கு மரியாதை வந்த வருஷத்தில் எனக்குப் பல் போனது.

எடுத்த கையோடு கட்டிவிடலாமே என்றேன். ஈறு ஆறி, எலும்பு கொஞ்சம் அமுங்கி அடங்க மூன்று மாதமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் செட் சீக்கிரமே லூஸாகிவிடும் என்றார் டாக்டர். ஆவணி முகூர்த்தங்களைப் பொக்கை வாயோடு முடித்தேன். தீபாவளி பட்சண ஆர்டர்களும் முடிந்த பிறகு, ஐப்பசி மழையில் பஸ் பிடித்து அளவு கொடுக்கப் போனேன்.

மொத்தம் ஆறு தடவை போனேன். ஒரு தடவைகூட அலுக்கவில்லை. ஏனென்றால் அங்கே நடப்பது முழுக்கச் சமையல்தான். முதல் அளவுக்கு ஒரு பொடியில் தண்ணீர் விட்டு ரப்பர் கிண்ணத்தில் வேகமாக அடிக்கிறார்கள். கடலில் விளையும் பாசியிலிருந்து எடுக்கிற சரக்காம். தண்ணீர் கூடினால் இளகிவிடும், குறைந்தால் கட்டி தட்டும். தட்டில் ரொப்பி வாயில் வைத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் உறைந்துவிடுகிறது. அடுத்த தடவை வேறொரு பசை. வாய்க்குள் வந்ததும் சுளீரென்று கிராம்பு வாசனை. தட்டை எடுத்த பிறகு, "பிரிஞ்சி ஏதும் போடறீங்களா டாக்டரம்மா?" என்றேன். கிராம்பு எண்ணெயில் இருக்கிற சத்துதான் அந்தப் பசையில் சேர்மானம் என்று சிரித்தார்.

கிளினிக்குக்குப் பின்னாலேயே சின்ன லேப் இருக்கிறது. என் ஆர்வத்தைப் பார்த்து உள்ளே விட்டார்கள். மெழுகில் ஈறு செய்து அதில் பல் வரிசையைப் பதிக்கிறார்கள். அதை நம் வாயில் வைத்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகு, சாந்து அச்சுக்குள் மூடி, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைக்கிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பதும் இதே மெழுகுக் கணக்குதானே. அக்ரிலிக் பொடியும் திரவமும் சேர்ந்ததும் முதலில் ஈர மணல் மாதிரி இருக்கிறது. அப்புறம் தொட்டு இழுத்தால் கம்பி கம்பியாக வருகிறது. அப்புறம் கையில் ஒட்டாத மாவு. அதையும் தவறவிட்டால் ரப்பர். மாவுப் பதத்தில்தான் அச்சில் அழுத்த வேண்டும். பிறகு வெந்நீரில் மெதுவாக வேகவைக்கிறார்கள். தீயைக் கூட்டிச் சட்டென்று கொதிக்கவிட்டால் உள்ளே குமிழ் விழுந்துவிடும் என்றார் லேப் தம்பி. மைசூர்பாகில் பொத்தல் விழுந்தால் அழகு, பல்செட்டில் விழுந்தால் வீண்.

பல் நிறம் பார்க்க ஒரு வரிசையை நீட்டினார்கள். நான் பளிச்சென்ற வெள்ளையைத் தொட்டேன். டாக்டர் அதைவிட மங்கலானதைக் காட்டினார். அதற்குள் என் வீட்டுக்காரி கைப்பையிலிருந்து எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்துவிட்டாள். "இந்த ஓரப் பல்லு லேசா திரும்பியிருக்கும் பாருங்க, அதே மாதிரி வேணும்" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. டாக்டரோ போட்டோவை வாங்கிப் பத்து நிமிஷம் பார்த்து, மெழுகைச் சூடு காட்டி அந்தச் சிங்கப்பல்லை ஒரு இழை திருப்பி வைத்தார். செட் மாட்டிக்கொண்டு போன அன்று, தெருவில் பாதிப் பேருக்கு நான் பல் கட்டியதே தெரியவில்லை. ஒழுங்காக அடுக்கிய வெள்ளைப் பல் என்றால் பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். பல் கட்டப் போகிறவர்கள் பழைய போட்டோ ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மார்கழியில் கைக்கு வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், பழகிக்கொள்ள நேரம் இருந்தது. முதல் நாள் வாய்க்குள் வேறு யாரோ குடிவந்த மாதிரி இருந்தது. எச்சில் ஊற்றாகப் பெருகியது. உள்ளே ஏதோ தின்பண்டம் வந்திருக்கிறது என்று வாய் நினைத்துக்கொள்கிறதாம். ஒரு வாரத்தில் அது அடங்கிவிட்டது.

பேச்சுதான் பெரிய கூத்து. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் வந்த பிறகுதான் சொல் போனது. தகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் போய்த் தொட வேண்டும், வகரத்துக்குக் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும் என்று தமிழ் டீச்சரான என் மகள் விளக்கினாள். பொக்கை வாயில் ஆறு மாதம் இருந்த நாக்கு அந்த இடத்தையே மறந்துவிட்டிருந்தது. 'தவலை' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் வருகிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறவன் நான். பேப்பரை உரக்கப் படியுங்கள் என்றார் டாக்டர். நான் சாமான் லிஸ்டைப் படித்தேன். துவரம்பருப்பு 15 கிலோ, வத்தல் மிளகாய் 3 கிலோ, நல்லெண்ணெய் 2 டின். பேத்தி எதிரே உட்கார்ந்து, "தாத்தா, விசில் வருது, மறுபடியும்" என்பாள். பதினைந்து நாளில் விசில் நின்றது.

சாப்பாட்டில், முதல் மூன்று நாள் கஞ்சி. அப்புறம் இட்லி கடப்பா, குழைந்த பொங்கல், இடியாப்பம். கவளத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும் என்பதுதான் முக்கியப் பாடம். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் செட் எழும்பிக்கொள்கிறது. முன்பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது. கொய்யாவைத் துண்டு போட்டுத்தான் தின்ன வேண்டும், அதிலும் விதை செட்டுக்கு அடியில் போனால் செருப்பில் கல் ஏறின மாதிரிதான். எள்ளுருண்டை அதைவிட மோசம். சொந்தப் பல்லின் வலுவில் கால்வாசி கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கைமுறுக்கு, சீடை, கரும்பு மூன்றையும் கை கழுவிவிட்டேன்.

எனக்கு இதில் தொழில் சங்கடமும் உண்டு. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிவிடுகிறது. உப்பு, புளி, காரம் எல்லாம் நாக்கில்தான், அதனால் ருசி பெரிதாகப் போகவில்லை. சூடும் வழவழப்பும்தான் தெரிவதில்லை. கேசரியில் ரவை நறநறக்கிறதா, பாயசத்தில் சேமியா குழைந்ததா என்பதை நாக்கை அண்ணத்தில் அழுத்தித்தான் இத்தனை வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறேன். இப்போது நாக்கு போய் பிளாஸ்டிக்கில் முட்டுகிறது. ஒரு நாள் விடியற்காலை டிகிரி காபியை வழக்கம்போல டபராவிலிருந்து ஒரே மடக்காக விட்டேன். வாய்க்குச் சூடு தெரியவில்லை, தொண்டைக்குத் தெரிந்தது. இரண்டு நாள் மோர்தான்.

சோற்றின் வேக்காட்டை விரலால் நசுக்கிப் பார்க்கிறேன். என் குருநாதரும் அப்படித்தான் பார்ப்பார். அவருக்கும் பல் இல்லையோ என்னவோ, நான் கவனித்ததில்லை.

புண் வராமல் பல்செட் பழகினவர் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குக் கீழ் செட்டின் இடது உள்பக்கம், நாக்கை ஒட்டி, வெள்ளையாகக் கொப்புளம். உப்புத்தாளால் நாமே தேய்த்துவிடலாம் என்று அத்தான் யோசனை சொன்னார். அவர் செட் பீரோவுக்குப் போனதன் ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. டாக்டர் சொன்னது வேறு: வருகிற நாளில் வலித்தாலும் காலையிலிருந்து மாட்டிக்கொண்டே வாருங்கள், கழற்றி வைத்துவிட்டு வந்தால் உரசுகிற இடம் தெரியாது. செட்டின் உள்பக்கம் வெள்ளைப் பசை தடவி மாட்டி எடுத்தார். ஓரிடத்தில் மட்டும் பசை வழித்த மாதிரி நீங்கியிருந்தது. அங்கே இரண்டு நிமிஷம் ராவினார். அன்று சாயங்காலமே சாம்பார் சாதம் சாப்பிட்டேன். இப்படி மூன்று தடவை. ஒரு பைசா வாங்கவில்லை.

தை பிறந்து முதல் கல்யாணத்தில் ஒரு காரியம் செய்தேன். மத்தியானப் பந்தி நேரம், கீழ் செட் வலி தாங்காமல் கழற்றி, ஒரு துண்டு வாழை இலையில் சுற்றி மேடை ஓரம் வைத்தேன். இலை எடுக்கிற பையன் கண்ணில் இலை பட்டால் சும்மா விடுவானா? எச்சில் இலைக் குவியலில் போய்ச் சேர்ந்தது. நாலு பேரை விட்டுத் துழாவி எடுத்தோம். மண்டபத்துக்காரரிடம் "கைக்கடிகாரம் விழுந்துடுச்சு" என்றான் என் சமையல் பையன் ஒருவன், நல்லவன். அன்று முதல் மூடி போட்ட டப்பா இடுப்பு மடியிலேயே இருக்கிறது.

ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், ஈறுக்கும் மூச்சு விட வேண்டும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், அதனால் மெத்தென்ற பிரஷும் சோப்பும்தான். வெந்நீர் ஆகவே ஆகாது, வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், நழுவி விழுந்தாலும் உடையாது. வாரம் இரண்டு நாள் கிளின்சோடென்ட் மாத்திரையில் ஊறவைக்கிறேன். மஞ்சள் கறையும் காபிக் கறையும் ஓரளவு போகிறது. சீவலை விட்டுவிட்டேன். பாக்கே புற்றுநோயை வரவழைக்கிற பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லிவிட்டது என்று டாக்டர் அதட்டினார். வெறும் வெற்றிலையும் இப்போது இல்லை, மெல்ல முடிந்தால்தானே.

சரி, கீழ் செட்டுக்கு வருகிறேன். மேல் செட் அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்றப் பின்பக்கம் விரல் விட்டு நெம்ப வேண்டியிருக்கிறது, அவ்வளவு பிடி. கீழே அப்படிப் பிடித்துக்கொள்ள இடம் கிடையாது. லாட வடிவத்தில் ஒரு மேடு, நடுவில் சும்மா இருக்காத நாக்கு. என் விஷயத்தில் கடைவாய்ப் பல் போய் 18 வருஷம் ஆனதால் அந்த மேடே தேய்ந்து வயல் வரப்பு கரைந்த மாதிரி ஆகிவிட்டது. பேசினால் எழும்புகிறது, கொட்டாவி விட்டால் மிதக்கிறது. இதைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம். "கீழே கொஞ்சம் சிரமம் இருக்கும் ஐயா" என்று மட்டும் சொன்னார். கல்யாண வீட்டுக்காரரிடம் "சாப்பாடு கொஞ்சம் பத்தாது" என்று நான் சொன்னால் விடுவார்களா? டாக்டர் மீது எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். மற்றதெல்லாம் சில்லறை: பத்து மணி என்று சொல்லி பதினொன்றரைக்குக் கூப்பிடுவது, முழங்கால் வலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருப்பது.

செட்டை ஈறோடு ஒட்டவைக்கிற ஃபிக்ஸான் பவுடர் தூவிப் பார்த்தேன். செட்டை நனைத்து உதறிவிட்டு, கோலமாவு மாதிரி மெல்லிசாகத் தூவி அழுத்த வேண்டும். ஒரு முகூர்த்தத்தைத் தாட்டிவிடலாம். தினமும் போட்டால்தான் நிற்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம், பவுடர் மருந்தாகாது.

வேறு என்னதான் வழி என்று கேட்டேன். பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின்மேல் பாலம் மாதிரி கட்டுவது பல் இருக்கிறவர்களுக்கு. என் மனைவிக்கு ஒரே ஒரு பல் போனபோது அதைத்தான் முதலில் சொன்னார்கள். நன்றாயிருக்கிற இரண்டு பல்லைச் சீவ வேண்டாமென்று அவள் ஒற்றை இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் பல், வைத்துக்கொண்டாள். எனக்குச் சீவ ஒன்றும் மிச்சமில்லை. தாடையில் நாலு முதல் ஆறு ஸ்க்ரூ இறக்கி, கழற்றவே முடியாத பல் வரிசை கட்டுவது இன்னொரு வழி. கீழ்த்தாடைக்கு மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருக்கிற பணம் அது.

மனதுக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூ. அவற்றின் தலையில் குமிழ், செட்டின் அடியில் அதற்குக் குழி. ரவிக்கைக்கு வைக்கிற டிச் பட்டன் மாதிரி டக்கென்று மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றிக் கழுவலாம். பின்பக்கம் எலும்பு தேய்ந்தவர்களுக்கும் முன்பக்கம் பெரும்பாலும் மிச்சம் இருக்குமாம். ஸ்கேன் எடுத்ததில் எனக்கும் இருக்கிறது. இது நேற்று வந்த வித்தையும் இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்த பிரோனமார்க் என்கிற ஸ்வீடன் டாக்டர் 1965லேயே ஒருவருக்குப் பல் வைத்துவிட்டார். 2002ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்த செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் போனில் படித்துக் காட்டினாள். அப்படியானால் எனக்கு ஏன் அதை முதலில் சொல்லவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "பணத்தைக் கேட்டா நீங்க பயந்து ஓடிடுவீங்களோன்னு நினைச்சேன் ஐயா" என்றார். ஓடியிருப்பேன்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு செட்டுக்கும் சேர்த்து எனக்கு ஆனது 18,000 ரூபாய். இரண்டு ஸ்க்ரூவுக்கும் பட்டனுக்கும் 70,000 கேட்கிறார்கள். இப்போதைய கீழ் செட்டிலேயே குழி எடுத்துப் பொருத்திவிடலாம், புதிது வேண்டாம் என்பது ஆறுதல். செலவுக்கு யோசிக்கிறவர்கள் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை விசாரிக்கலாம். பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நடை அதிகமாகும். பொறுமை இருந்தால் நல்லதுதான். எனக்கு முகூர்த்தத் தேதிகள் விடுவதில்லை.

மேல் செட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. கீழ் செட்டுக்கு ஒன்றரை. டாக்டரின் கைக்கு ஐந்து, வாய்க்கு மூன்று.

ஆடியில் முகூர்த்தம் இருக்காது, அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தேதி பார்த்திருக்கிறேன். எலும்போடு ஸ்க்ரூ ஒட்ட மூன்று மாதம் ஆகும். ஆடிக்குள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஏழுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று நிபந்தனை. மார்கழியில் 8.4 இருந்தது, போன வாரம் 7.6. பாயசத்தை ருசி பார்ப்பதை ஒரு ஸ்பூனோடு நிறுத்தியிருக்கிறேன்.

அதுவரை வாழைப்பூ வடை முதல் ஈடு வந்தால் என் பையன்களில் ஒருவன்தான் கடித்துப் பார்க்கிறான். "மொறுமொறுன்னு வந்துருக்குண்ணே" என்பான். காதில் விழுகிற சத்தத்தை வைத்து அதை ஒத்துக்கொள்கிறேன். உப்பை மட்டும் நான்தான் பார்க்கிறேன்.